முகப்பூச்சு ஓட்டிய சைக்கிள்

சைக்கிள் பந்தயக்காரருக்கும் முகப்பூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இத்தாலியில் 1954-ஆம் வருஷம் சம்பந்தம் ஏற்பட்டது. கல்யாணம் பேசி முடித்தவர் பியோரென்ஸோ மாக்னி.

தொழில்முறைச் சைக்கிள் குழுவை ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். பரிசு வாங்குகிறவர் ஒருவர். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குவார்கள். தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பார்கள். அவருடைய டயர் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தையே கழற்றித் தருவார்கள். நம் வீட்டு அடுக்களையில் இருப்பவர்களுக்கு இந்த உத்தியோகத்தை விளக்க வேண்டியதில்லை! இவர்களுக்கு மாலை கிடையாது, சம்பளம் உண்டு. அதுவும் நின்றுவிட்டால்?

சம்பளத்தை வெகு காலமாகச் சைக்கிள் கம்பெனிகளே கொடுத்து வந்தன. நம் சைக்கிள் ஜெயித்தால் நாலு சைக்கிள் கூட விற்கும் என்ற கணக்கு. யுத்தத்துக்குப் பிறகு கணக்குப் பிசகியது. 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. மிதித்துப் போன ஜனங்களுக்கு உட்கார்ந்து போக ஆசை வந்தது. சைக்கிள்காரர்களின் கை சுருங்கிற்று.

மாக்னி சாமானியர் அல்ல. இத்தாலியைச் சுற்றும் 'ஜீரோ' பந்தயத்தில் (பூஜ்யம் அல்ல, சுற்று என்று அர்த்தம்) 1948-லும் 1951-லும் முதல்வர். அப்படிப்பட்டவரே படியளப்பவரைத் தேட வேண்டியதாயிற்று. அவர் போய் நின்ற இடம் நிவியா முகப்பூச்சுக்காரர்களின் வாசல். 'நிவியா-பூக்ஸ்' என்ற புதுக் குழு பிறந்தது.

சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. வெளியார் வீட்டுக்குள் நுழைவதா என்ற கோபம். என் அபிப்பிராயத்தில் மாக்னி செய்தது வெகு கெட்டிக்காரத்தனம். இந்தப் பந்தயம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதல்ல; ஊர் ஊராக, வீட்டு வாசல் வழியாகவே போவது. வாசலில் பெண்களும்தான் நிற்கிறார்கள். சைக்கிளை ஆயுளில் ஒரு தடவை வாங்கலாம். முகப்பூச்சு மாதா மாதம் தீர்ந்து போகிறதே! இந்தக் கணக்கு அப்புறம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 2023-ல் லிடில் என்னும் ஜெர்மன் மளிகைக் கடைக்காரர்களே ஒரு குழுவுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

முகப்பூச்சுக்காரர்கள் போட்ட பணம் வீண் போகவில்லை. 1955 ஜீரோவில், முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. முதலிடத்தில் இருந்தவர் நென்சீனி என்ற இளைஞர். கரடுமுரடான பாதையில் அவருடைய டயர் பஞ்சராயிற்று. மாக்னியும் பாஸ்டோ கோப்பியும் சேர்ந்து பறந்துவிட்டார்கள். மூன்று வாரப் பந்தயத்தின் முடிவில் கோப்பியை மாக்னி முந்தியது வெறும் 13 விநாடி! அப்போது அவருக்கு வயது 34.

அடுத்த வருஷம் நடந்ததைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. பாதி வழியில் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. டாக்டர்கள் போதும் என்றார்கள். மனிதர் கேட்கவில்லை. மேட்டில் ஏறும்போது கைப்பிடியை இழுக்க இடது கையில் வலுவில்லை. மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். டியூப் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் கட்டி, மறு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே ஏறினார் மாக்னி. பிறகு இன்னொரு தடவை விழுந்து மேல் கை எலும்பும் முறிந்தது. பொந்தோனே மலையில் பனி கொட்டியபோது எலும்பு முறியாதவர்கள் பலரே விலகிக் கொண்டார்கள்.

அந்த 1956 ஜீரோவில் ஜெயித்தவர் லக்ஸம்பர்க்கின் ஷார்லி கோல். இரண்டாவதாக வந்தவர் மாக்னி. அந்த வருஷத்தோடு பந்தயத்தை விட்டார். 2012-ல், 91-ஆம் வயதில் காலமானார்.