ஏசியை நிறுத்தினால் எது கரையும்?

ஏசியை நிறுத்து. ஜன்னலைச் சாத்து. பிளாஸ்டிக் ஜாக்கெட்டைப் போடு. வயிற்றைச் சுற்றி ஸ்வெட் பெல்ட்டை இறுக்கு. இப்போது ஓடு. சென்னை தரமணியில் கீழே கடையும் மேலே ஜிம்முமாக இருக்கும் கட்டடங்களில் இதுதான் எடை குறைப்பின் சூத்திரமாக ஓதப்படுகிறது. ஓதுபவர் ஜிம் மாஸ்டர். அவர் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் அவர் ஒருவர் அல்ல. டைடல் பார்க்கிலிருந்து வேளச்சேரி வரை எந்த மாடிப்படி ஏறினாலும் அவரைச் சந்திக்கலாம். வேர்வை எவ்வளவு கொட்டுகிறதோ அவ்வளவு கொழுப்பு கரைகிறது என்பது அவர் வாதம். சாட்சிக்கு எடை மிஷின், கையில் கட்டிய வாட்ச், மூட்டை தூக்கும் தொழிலாளி, மல்யுத்த வீரர் என்று வரிசையாக அழைத்து வருகிறார். சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிப்போம்.

முதல் சாட்சி எடை மிஷின். ஆறு மணிக்கு ஏறி நின்றபோது காட்டியதைவிட ஏழு மணிக்கு 800 கிராம் குறைவாகக் காட்டுகிறது. ‘நான் சொல்லவில்லை, மிஷின் சொல்கிறது’ என்று மாஸ்டர் வெற்றிப் புன்னகை பூக்கிறார். மிஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் போனது எது என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு போனது என்று மட்டும்தான் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் அடங்கியிருப்பது சுமார் 7,700 கலோரி. 800 கிராம் என்றால் 6,000 கலோரிக்கு மேல். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 42 கிலோமீட்டர் மாரத்தானை முழுதாக ஓடி முடித்தாலும் செலவாவது ஏறக்குறைய 3,000 கலோரிதான். ஆக மாஸ்டரின் கணக்குப்படி, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோடு எழுதிவிட்டு வந்த அவருடைய மாணவர், மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இரண்டு மாரத்தான் ஓடியிருக்கிறார். ஒலிம்பிக் கமிட்டிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டிய சாதனை இது. சொல்வதற்கு முன் அந்த மாணவரை ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கவிட்டு மறுபடி மிஷினில் ஏற்றிப் பாருங்கள். குடித்த கிராம் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும்.

சரி, உண்மையாகவே கொழுப்பு குறையும்போது அது எந்த வழியாகப் போகிறது? ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதற்கான கணக்கை அணு அணுவாகப் போட்டுக் காட்டினார்கள். பத்து கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. எரிப்பதற்கு 29 கிலோ ஆக்சிஜனை நாம் உள்ளே இழுக்க வேண்டும். அந்த 1.6 கிலோவில் ஒரு பகுதி வேர்வையாகவும் போகலாம், சிறுநீராகவும் போகலாம். அந்தச் சிறு பங்கை மாஸ்டருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஆனால் பெரும்பங்கு வெளியேறும் வாசல் மூக்கு. வேலை செய்யும் தசைதான் கொழுப்பைக் கேட்டு வாங்கி எரிக்கிறது, மூச்சு அதை வெளியே கொண்டுபோகிறது. தோலுக்கு இதில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது.

தோலின் வேலை வேறு. தசை செலவிடும் சக்தியில் கால் பங்குக்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடல் கொதித்துவிடும். காற்று குளிர்ந்திருந்தால் அதுவே பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. காற்று சூடாக இருந்தால் உடல் வேர்வையைச் சுரந்து, அது ஆவியாகும்போது வெப்பத்தை அனுப்பிவைக்கிறது. ஆகவே ஒரே ஆள், ஒரே டிரெட்மில், ஒரே வேகம் என்றாலும் ஊட்டியில் பனியன் நனையாது, தரமணியில் பிழிந்து எடுக்கலாம். எரிந்த கலோரி இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேர்வையின் அளவு சொல்வது அறையின் தட்பவெப்பத்தைத்தான்.

இயற்பியல் கொஞ்சம் படித்த மாஸ்டர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டுமே, அது உடலிலிருந்து எரிந்ததுதானே என்பார். இல்லை. அந்த 580 கலோரி வெளியேற்றப்படும் வெப்பம், அதற்கென்று தனியாக எரிக்கப்பட்ட கொழுப்பு அல்ல. தசை ஏற்கெனவே உண்டாக்கிய வெப்பமும், மூடிய அறை உடலில் ஏற்றிய வெப்பமும்தான் அந்த வழியாகப் போகின்றன. அதுவும் வேர்வை ஆவியானால்தான். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரின் புழுக்கத்தில், ஜன்னலைச் சாத்திய அறையில், வேர்வை ஆவியாவதில்லை. சொட்டுகிறது. தரையில் சொட்டிய வேர்வை உடலைக் குளிர்விப்பதுகூட இல்லை. மாஸ்டர் பெருமையோடு சுட்டிக்காட்டும் அந்த ஈரத் தரை, தோற்றுப்போன வேர்வையின் சேமிப்புக் கிடங்கு.

இதைவிடப் பெரிய வேடிக்கை, சூடான அறை கலோரிச் செலவைக் குறைத்துவிடும் என்பது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் காலவே, மாகன் என்ற இருவர் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. ஒரே கடுமையில் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, முடியாமல் நிறுத்தும்வரை நேரம் பார்த்தார்கள். 11 டிகிரி குளிரில் சராசரியாக 93 நிமிடத்துக்கு மேல் தாங்கியவர்கள், 31 டிகிரியில் 52 நிமிடத்துக்குள் கைவிட்டார்கள். 31 டிகிரி என்பது நமக்குச் சாதாரண சாயங்காலம். ஏசியை நிறுத்தும் மாஸ்டர் தன் மாணவர்கள் ஓடக்கூடிய நேரத்தைத் திருடுகிறார். அவர்கள் சீக்கிரம் களைத்து உட்காருகிறார்கள். அந்தக் களைப்பையே உழைப்பின் அத்தாட்சியாக எழுதிக்கொள்கிறார். மின்கட்டணமும் மிச்சம்.

இரண்டாவது சாட்சி கை வாட்ச். ஏசி இல்லாத நாளில் அது அதிகக் கலோரி காட்டுகிறதாம். காட்டும். வாட்ச் கலோரியை நேராக அளப்பதில்லை, பெரும்பாலும் இதயத் துடிப்பை வைத்து ஊகிக்கிறது. புழுக்கத்தில் இதயம் தசைக்கு மட்டுமல்லாமல் தோலுக்கும் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. நீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் குறைகிறது. எனவே அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு ஏறுகிறது. தவிக்கும் இதயத்தைப் பார்த்து, உழைக்கும் தசை என்று வாட்ச் தப்புக் கணக்குப் போடுகிறது.

சூடான அறையின் மகிமையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 40 டிகிரி அறையில் 90 நிமிடம் செய்யும் பிக்ரம் யோகாவில் ஆயிரம் கலோரி எரியும் என்று பேச்சு இருந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் டிரேசி குழுவினர் அளந்தபோது ஆண்களுக்குச் சராசரி 460, பெண்களுக்கு 330 என்று வந்தது. அதே நேரம் வேகமாக நடந்தால் ஆகும் செலவுதான். நடக்கக் கட்டணம் கிடையாது.

ஸ்வெட் பெல்ட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கட்டிய இடத்தில் கொழுப்பு கரையும் என்றால், வருஷக்கணக்கில் ஒரே கையால் பந்தை அடிக்கும் டென்னிஸ் வீரர்களுக்கு அந்தக் கையில் கொழுப்பே இருக்கக் கூடாது. 1971இல் அளந்து பார்த்தார்கள். தோலடிக் கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றாகவே இருந்தது. உழைத்த கைக்கே கிடைக்காத சலுகை, ரப்பர் சுற்றிய தொப்பைக்குக் கிடைக்கப் போவதில்லை.

மூன்றாவது சாட்சி உழைப்பாளி. மூட்டை தூக்குபவருக்கும் களத்துமேட்டில் நிற்பவருக்கும் தொப்பை உண்டா என்று கேட்கிறார் மாஸ்டர். அவர்கள் எட்டு மணி நேரம் உடலால் வேலை செய்கிறார்கள், ஐயா! வேலையை விட்டுவிட்டு வேர்வையை மட்டும் கடன் வாங்குவதுதான் இந்த வாதத்தின் சாமர்த்தியம். வேர்வை மட்டும் போதுமென்றால் ராத்திரி முழுக்கக் கல்லுக்கு முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர்கள் எல்லாரும் ஈர்க்குச்சியாக இருக்க வேண்டும். தமிழ்நாடே அப்படி இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை கொண்டவர்கள். இந்திய சராசரி பெண்களில் 24, ஆண்களில் 23. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வேர்த்து ஊற்றும் மாநிலம் நாட்டு சராசரியைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது.

கடைசிச் சாட்சிதான் மாஸ்டரின் துருப்புச்சீட்டு. மல்யுத்த வீரர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வேர்வை சிந்தித்தானே எடையைக் குறைக்கிறார்கள் என்கிறார். ஆமாம், குறைக்கிறார்கள், எடை பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக. அதன் பிறகு குடித்தும் சாப்பிட்டும் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தராசை ஏமாற்றுவது. கொழுப்பைக் குறைப்பது அவர்கள் நோக்கமே அல்ல.

அதற்கு என்ன விலை என்பதை 2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடே பார்த்தது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் மூன்று ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தார். அன்றிரவு அவர் எடை வரம்பைவிட 2.7 கிலோ அதிகம். விடிய விடியப் பயிற்சி, நீராவி அறை, முடியை வெட்டியதுகூட நடந்தது. ஒரு கட்டத்தில் வேர்வை வருவதே நின்றுபோனதைப் பயிற்சியாளர் பிறகு எழுதினார். காலையில் 100 கிராம் மிச்சம். தகுதி நீக்கம். நீரிழப்புக்குச் சிகிச்சை பெறும் நிலையில்தான் அவர் இருந்தார். உலகத்தரமான வீராங்கனை, மருத்துவர்கள் புடைசூழ, ஓர் இரவு முழுக்க முயன்று இழந்தது தண்ணீரைத்தான், அதிலும் 100 கிராம் குறைய மறுத்தது. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இதே முறையில் ஐந்து வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீருக்குத் தடை. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை போட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் தடை செய்யப்பட்ட அதே ரக உடைதான் இன்று மாஸ்டரின் ரிசப்ஷன் மேஜையில் விற்பனைக்கு இருக்கிறது.

அதைப் போட்டுக்கொள்பவர் யார்? இருபது வயது வீரர் அல்ல. நாற்பதைத் தொட்ட, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும், பகல் முழுக்க ஏசியில் இருந்துவிட்டு வெப்பத்துக்குப் பழகாத உடலோடு வரும் ஐடி ஊழியர். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகப்படுத்துபவை, நீரிழப்பு அவரை இன்னும் சீக்கிரம் வீழ்த்தும். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும் நீரிழப்பும் பேசப்பட்டன. அவர்கள் ஓடவில்லை, கூட்டத்தில் நின்றார்கள். அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசு பேரிடர் என்று அறிவித்ததை மாஸ்டர் மாதச் சந்தாவுக்கு விற்கிறார்.

அவர் தரப்பில் மிஞ்சுவது ஒரே நியாயம். வேர்த்தால் உழைத்த திருப்தி வருகிறது, அந்தத் திருப்தி மறுநாளும் வரவைக்கிறது என்பது. இதுவும் இரண்டு பக்கம் வெட்டும். பொய்யான 800 கிராமைப் பார்த்துத் திருப்தி அடைந்தவர் போகிற வழியில் தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்கிறார், அது வழக்கமாக எண்ணெயில் பொரிந்திருக்கும். இன்னொரு பக்கம், மார்கழி விடியலில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தவர், சட்டை நனையவில்லையே என்று நடையையே விட்டுவிடுகிறார். போதாததற்கு, நன்றாகப் பயிற்சி பெற்ற உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வேர்க்கும். மாஸ்டருக்கு நிறைய வேர்ப்பது அவர் உடல் வெப்பத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டதன் அடையாளம். அதைக் கொழுப்புக் கணக்கில் சேர்த்து ஊருக்குப் போதிப்பதுதான் கோளாறு.

செய்ய வேண்டியதில் ரகசியம் எதுவும் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது போதும். கூடவே தட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு. அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், அப்போதுதான் நீண்ட நேரம் ஓட முடியும். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். பலனைப் பார்க்க, மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்தால் போதும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடு. டேப்பை ஒரு மணி நேர வேர்வையால் ஏமாற்ற முடியாது. மாஸ்டர் அதைத் தொடாமல் மிஷினையே கட்டிக்கொண்டிருப்பதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தரமணியில் தண்ணீர் வியாபாரம் புதிதல்ல. கேன் தோளில் ஏறி மூன்றாவது மாடிக்கும் வந்துவிடும். ஆனால் அந்தக் கேன்காரர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் காசு கேட்கிறார்.