கேட்பதற்கு ஓர் அளவு, காப்பதற்கு ஓர் அளவு

இணையத்தின் வழியே பாட்டுக் கேட்போர் முன் இன்று ஒரு வினா நிற்கின்றது. சுருக்கிய ஒலி வேண்டுமா, இறுவட்டுத் தரம் வேண்டுமா, அதனினும் நுண்ணிய உயர்தர ஒலி வேண்டுமா? எண் உயர உயர இன்பமும் உயரும் என்ற எண்ணம் எங்கள் கல்முனைக்குடி இளைஞரிடையேயும் வேரூன்றி வருகின்றது. இதனை நான் ஒப்பேன்.

கணக்கைச் சற்று நோக்குவோம். இறுவட்டு, ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகின்றது. மனிதச் செவியின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதனை அடக்க இதுவே போதும். 192,000 முறை அளந்து 24 பிட்டில் எழுதும் பதிவோ, சுருக்காத நிலையில் நிமிடத்திற்கு 69 மெகாபைட் கொள்ளும்; இறுவட்டுத் தரத்திற்கு ஏறத்தாழ 10½ போதும். அதன்மேலும், பெரும்பாலான புளூடூத் செவிப்பொறிகள் வந்த ஒலியை மீண்டும் சுருக்கியே காதிற் சேர்க்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய நுண்மை வாசலிலேயே நின்றுவிடுகின்றது!

விளம்பரத்தின் ஆயுளும் குறுகியதே. எம்.கியூ.ஏ. என்னும் முறையைப் பெருமையுடன் ஏந்திய டைடல் நிறுவனம், 2024இல் அதனைக் கைவிட்டு, ஒலியில் எதனையும் இழக்காத, எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க ஃபிளாக் முறையைக் கைக்கொண்டது. 2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் இன்றும் நம் இல்லங்களில் ஒலிக்கின்றது. அவருடைய பழைய இசைத்தட்டில் பதியாத நுண்மையை எந்த எண்ணும் பின்னர் உண்டாக்கப் போவதில்லை.

ஆயின், காப்பது வேறு. நம் மூதாட்டியர் பாடும் தாலாட்டும் கவியும், பொல்லடிப் பாட்டும், பக்கீர்மாரின் றபான் ஒலியும் எந்த நிறுவனத்தின் பட்டியலுக்காகவும் பாடப்பட்டவை அல்ல. கசெட்டு நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகின்றது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையோர வீடுகளை அவற்றின் உடைமைகளோடு வாரிச் சென்றதை மறந்தோமல்லோம்.

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், பழம் பதிவுகளைக் குறைந்தது 48,000 முறை, 24 பிட் அளவில் மாற்றுமாறு கூறுகின்றது. செவிக்கு எட்டாத நுண்மை இங்கு எதற்கு எனலாம். நாளை இரைச்சலை நீக்கவும், மெலிந்த குரலை உயர்த்தவும் முனைவோருக்கு அது தேவை. எம்.பி. 3 முறையில் ஒருமுறை கழித்துவிட்டதோ மீளாது. உம்மம்மாவின் பாட்டைக் கைப்பேசியிற் பதிந்து வாட்ஸ்அப் குரற்செய்தியாக மட்டும் அனுப்பிவிட்டு இருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே, கேட்பதற்குச் சிறிய அளவைக் கொள்க. மிஞ்சும் பணத்தில் ஒரு வன்தட்டு வாங்குக. வாசிகசாலைகளும் பாடசாலைகளும் இப்பணியைத் தொடங்கட்டும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றையேனும் கடலுக்கு எட்டாத சம்மாந்துறையிலோ அம்பாறையிலோ வைத்தல் நன்று.