பழைய மோட்டார் வாங்கும் படலம்

மோட்டார் கார் வாங்குவது ஒரு காலத்தில் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும் செய்கிற காரியமாயிருந்தது. இப்போது மூலக்குளத்தில் நமது தெருவை எடுத்துக்கொண்டால், பதினான்கு வீடுகளில் ஒன்பது வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அந்த ஒன்பதில் ஆறு, வேறு யாரோ வாங்கி, சில வருஷங்கள் ஓட்டி, பிறகு விற்றவை. புதுக் காரின் பெருமையைச் சொல்ல விளம்பரங்கள் ஏராளம். பழைய காரைப் பற்றி எடுத்துச் சொல்வோர் குறைவு. ஆனால் நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் பழைய கார் விஷயத்தில்தான். ஏமாந்தவர்களில் நாமும் ஒருவராதலால், இந்த வாரம் இதைப் பற்றி எழுத நமக்கு உரிமை உண்டென்று எண்ணுகிறோம்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கார் வாங்குவது குறித்து வீட்டுச் சபை கூடிற்று. அங்கத்தினர்கள்: எழுபத்து நான்கு வயதான நமது தாயார், வீட்டு எஜமானி, எட்டாவது வாசிக்கும் பெண், மூன்றாவது வாசிக்கும் பையன், கல்லூரியில் வாசிக்கும் மைத்துனர் குமாரன். சேமிப்பும் கூட்டுறவுச் சங்கக் கடனும் சேர்ந்து நமது கையிருப்பு 4 லட்சம் ரூபாய்.

முதலில் வாய் திறந்தவன் மைத்துனர் குமாரன்தான். "மாமா, இரண்டு கதவு வைத்த கூப்பே ஒன்று பார்த்து வாங்கிவிடுங்கள். பழையதானாலும் ராஜா மாதிரி இருக்கும்" என்றான்.

கூப்பே என்பது பிரெஞ்சுச் சொல். நமது புதுச்சேரியில் அதற்குப் பொருள் சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'வெட்டப்பட்டது' என்று அர்த்தம். நான்கு பேர் எதிரெதிரே அமரும் குதிரை வண்டியில் ஒரு பக்கத்து ஆசனத்தை வெட்டி எடுத்துவிட்டு, இருவர் மட்டும் போகும்படி செய்த சிறு வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு அது மோட்டாருக்கும் வந்து சேர்ந்தது. நமது தேசத்துக் குடும்பமோ ஆசனத்தை வெட்டுகிற குடும்பமல்ல. மூவர் உட்காரும் இடத்தில் ஐவரை உட்கார வைக்கிற குடும்பம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சி.சி. யந்திரத்துடன், முதலில் இரண்டு கதவு வண்டியாகத்தான் வந்தது. முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் நுழைய வேண்டும். ஜனங்களுக்கு அது சரிப்படவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நான்கு கதவு ஹெரால்டு வந்துவிட்டது. 1991இல் வந்த டாடா ஸியராவுக்கும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பார்த்து மெச்சியவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். மினி கூப்பர், பீட்டில் முதலிய வெளிநாட்டு இரண்டு கதவு வண்டிகள் பழைய சந்தைக்கு வருவது உண்டு. வண்டியின் விலைதான் அங்கே பாதியாகக் குறையுமே தவிர, உதிரி பாகங்களின் விலை குறையாது.

"அத்தையை ஜன்னல் வழியாகவா ஏற்றுவது?" என்று நமது எஜமானி ஒரே கேள்வி கேட்டாள். கூப்பேயின் பிரஸ்தாபம் அத்துடன் முடிந்தது. நான்கு கதவுச் சிறு கார் என்பது ஏகமனதாக நிறைவேறிற்று.

நிற்க. கார்களை ஒப்பிடுமுன் நமது பழைய அநுபவத்தைச் சொல்லியாக வேண்டும். 2016ஆம் வருஷம் கோடையில், சென்னையில் ஒரு தரகர் மூலம் ஒரு சிறு கார் வாங்கினோம். விலை 1,40,000 ரூபாய். அதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட 50,000 குறைவு. வண்டி பளபளவென்றிருந்தது, உள்ளே வாசனைத் தைலம் கமகமவென்றிருந்தது. நமது சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டு ஊருக்கு ஓட்டி வந்தோம். அந்த வருஷம் மழைக் காலத்தில் ஒரு நள்ளிரவு தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் விளக்கும் யந்திரமும் ஒருங்கே அணைந்தன. கொட்டுகிற மழையில், இருட்டில், தாயாரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருபது நிமிஷம் நின்றோம். அவ்வழியே வந்த பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். தாயார் பிழைத்தார், அந்தப் பால் வண்டிக்காரரின் பெயரைக் கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மேஸ்திரி வண்டியின் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் வண்டல் மண் காய்ந்து கிடந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி அது. "வாத்தியார் ஐயா, 50,000 மிச்சம் பண்ணினீர்களே, அது இந்த மண்ணின் விலை" என்றார்.

இந்த ஜாக்கிரதை நமது ஊரில் இப்போது இன்னும் அவசியம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் முதலிய இடங்களில் வெள்ளம் சூழ்ந்தது. அப்படி நீரில் நின்ற கார்களெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடுவதில்லை; கழுவி மெருகேற்றப்பட்டு விற்பனைக்கும் வரும். மேஸ்திரி நமக்குக் கற்பித்த பரீட்சை இது. ஆசன வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியாத பாகத்தில் சேற்றுக் கறை இருக்கும். ஆசனங்களைத் தாங்கும் திருகாணிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் கை விட்டுப் பாருங்கள். மிதமிஞ்சின வாசனைத் தைலம் இருந்தால், எதை மறைக்க அது என்று கேளுங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியானால் கதவின் அடி விளிம்பையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இனி வண்டிகளைப் பார்ப்போம். விலைகள் நாம் விசாரித்தபோது நம்மிடம் கேட்கப்பட்டவை.

மிக மலிவானது டாடா நானோ. 2009இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசிய வண்டி. 2018இல் உற்பத்தி நின்றது. நம்மிடம் கேட்ட விலை 80,000 முதல் 1,20,000 வரை. மூன்று மீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமாதலால் நமது ஊர்ச் சந்துகளில் சுலபமாய்த் திரும்பும். நால்வர் தாராளமாய் அமரலாம். ஆனால் 624 சி.சி. இரட்டை ஸிலிண்டர் யந்திரம் நெடுஞ்சாலைக்கு ஏற்றதல்ல. ஆரம்ப வண்டிகளில் பின் கதவே திறக்காது. கடைத்தெருவுக்குப் போக உத்தமம். திண்டிவனத்துக்கு அப்பால் போவதானால் யோசிக்க வேண்டும்.

அடுத்தது ஆல்டோ. 796 சி.சி., மூன்று ஸிலிண்டர். 2014 வண்டிக்கு 1,80,000. 2020 வண்டிக்கு 3 லட்சம். எந்தக் குக்கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார்; சாமான்கள் மலிவு; பெட்ரோல் சிக்கனம். குறை என்னவென்றால், பின் ஆசனத்தில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் சச்சரவு நிச்சயம். குளிர்சாதனம் போட்டுக்கொண்டு லாரியை முந்தப் பார்த்தால் வண்டி பெருமூச்சு விடும்.

வாகன்-ஆர், 2019 ஜனவரியில் வந்த புது உருவம், 4,20,000 கேட்டார்கள். உயரமான வண்டி. முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் அமர்வதுபோல் ஏறி அமரலாம். சாமான் வைக்கவும் இடமுண்டு. வாடகைக்கு ஓடிய வண்டியா என்பதை மட்டும் நன்கு விசாரிக்க வேண்டும்.

ஸாண்ட்ரோ, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நம்மவர் கைகளால் உருவான வண்டி. 2018இல் மறுபிறவி எடுத்து 2022இல் நின்றது. விலை 3,70,000. நான்கு ஸிலிண்டர் யந்திரம். அதிர்வு இல்லாமல் ஓடும். பின்னால் அமர்வோருக்கும் குளிர்காற்று வரும். உற்பத்தி நின்றுவிட்டதால் திரும்ப விற்கும்போது விலை இறங்கலாம்.

கடைசியாக டியாகோ. நமது தேசத்து டாடா கம்பெனியாரின் வண்டி, 2016இல் வந்தது. 2020 வண்டிக்கு 4,10,000 கேட்டார்கள். கனமான வண்டி, கதவைச் சாத்தினாலே தெரியும். யந்திரச் சப்தமும் அதிர்வும் ஸாண்ட்ரோவைவிட அதிகம். பெட்ரோலும் ஆல்டோவைவிடச் சற்று அதிகம் குடிக்கும். ஆசனம் தாழ்வாதலால் முதியோர் குனிந்து ஏற வேண்டும்.

இவ்வளவுதான் சங்கதி என்றால், 'ஆல்டோவே போதும், ஒரு லட்சம் மிச்சம்' என்று நாமும் சொல்லியிருப்போம். ஆனால் விலைச்சீட்டில் எழுதப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. 2014ஆம் வருஷத் தொடக்கத்தில் குளோபல் என்.கேப். என்னும் ஸ்தாபனத்தார் இந்தியச் சிறு கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பரீட்சை செய்தார்கள். ஆல்டோ, நானோ, ஐ-10 உள்ளிட்ட ஐந்துக்கும், பெரியவர்களைக் காப்பாற்றும் விஷயத்தில் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். உபாத்தியாயராகிய நமக்கே இரக்கம் வராத மதிப்பெண்! 2019இல் வாகன்-ஆரும் ஸாண்ட்ரோவும் இரண்டு நட்சத்திரம் வாங்கின. 2020 ஜனவரியில் டியாகோ நான்கு வாங்கிற்று.

சட்டமும் மெள்ள மெள்ளத்தான் விழித்தது. எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். தடை 2019 ஏப்ரலிலும், ஓட்டுபவருக்குக் காற்றுப் பை அதே வருஷம் ஜூலையிலும் கட்டாயமாயின. பக்கத்தில் அமர்பவருக்குக் காற்றுப் பை எல்லா வண்டிகளிலும் கட்டாயமானது 2022 ஜனவரியில்தான். பக்கத்தில் அமர்பவர் பெரும்பாலும் யார்? வீட்டு எஜமானி. சில சமயம், மடியில் குழந்தையுடன். அந்தப் பழக்கத்தை உடனே விட வேண்டும். குழந்தைகளின் இடம் பின் ஆசனம், வாருடன்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பழைய கார் வாங்குவோர் பெயரைப் பார்க்குமுன் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். 2013ஆம் வருஷத்துப் பெரிய வண்டியைவிட, 2019 ஜூலைக்குப் பிற்பட்ட சாதாரணச் சிறு வண்டி மேல். அதிலும் முன்னால் இரண்டு காற்றுப் பைகள் உள்ளதையே தேட வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '2318' என்றிருந்தால் 2018ஆம் வருஷத்து 23ஆம் வாரம். அந்த டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் புதுச் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்ததையும் நினைவூட்டுங்கள். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கத்தானே வேண்டும்?

தஸ்தாவேஜு விஷயம். மூலக்குளத்திலிருந்து சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை. இங்கே சாலை வரி குறைவு என்பதால் இரு பக்கத்து எண் கொண்ட வண்டிகளும் சந்தையில் கலந்து கிடக்கின்றன. வேறு மாநிலத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், புதுப் பதிவு எண் பெற வேண்டும். ஆட்சேபமில்லை என்ற சீட்டும் வரியும் அதற்கு அவசியம். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள். விற்றவரின் போனஸ் சலுகை நமக்கு வராது. பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருஷம் கடந்தால் 10,000 என்று 2025இல் உயர்த்தினார்கள். அறுபதாயிரத்துக்குக் கிடைக்கும் பழைய மாருதி 800ஐப் பார்த்து மயங்குவோர் இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முடிவில் போட்டி வாகன்-ஆருக்கும் டியாகோவுக்கும் என்றாயிற்று. தாயாரின் முழங்காலை உத்தேசித்து, உயரமான வண்டியே என்று நாம் தீர்மானித்திருந்தோம். இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்த தாயார், எந்த வண்டிக்கு நட்சத்திரம் அதிகம் என்று பேத்தியிடம் விசாரித்தார். பிறகு, "எனக்கு ஒரு மெத்தை போட்டால் தீர்ந்தது. பின்னால் உட்காரப் போவது குழந்தைகள். அதை வாங்கு" என்றார்.

மேஸ்திரி விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வாரை இழுத்துப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். பேரம் 3,75,000 ரூபாய்க்குப் படிந்தது. மீதி, டயருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மேஸ்திரிக்கும் ஆயிற்று. முதல் பிரயாணம் வில்லியனூர்க் கோவிலுக்கு. மைத்துனர் குமாரன் பின் ஆசனத்தில் பாட்டிக்கும் பையனுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். "இந்த வண்டிக்குக் கதவு நான்கு இருப்பது எவ்வளவு சௌகரியம், மாமா!" என்று இறங்கும்போது அவனே ஒப்புக்கொண்டான்.