தொண்டு என்னும் திரை

வைத்தியத்துறையைத் தொழிலென்று கூறத் தயங்குவோர் பலர்; அவர்களுக்கு அது புனிதத் தொண்டு. தாதியைத் தாயென்பர், வைத்தியரைத் தெய்வமென்பர். தெய்வத்துக்கு உறக்கம் வேண்டியதில்லை, தாய்க்குக் கடமைநேரம் முடிவதில்லை என்பதே இப்புகழ்ச்சியின் உட்பொருளாகும். களைத்தவர் முறையிட்டால் அவரது சேவை மனப்பான்மையே ஐயத்துக்குள்ளாகின்றது.

இக்களைப்பு சோம்பலன்று. 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் அதனை அளவிடும் கருவியொன்றை வெளியிட்டனர். உள்ளம் வற்றுதல், நோயாளரை மனிதராகக் காணாது விலகி நிற்றல், தம் பணியால் பயனில்லையென எண்ணுதல் ஆகிய மூன்றும் அவர்கள் கண்ட கூறுகள். இது நோயன்று, தொழில்சார்ந்த நிலையே என 2019இல் உலக சுகாதார ஸ்தாபனமும் வகைப்படுத்தியது. ஆகவே காரணத்தைத் தனிமனிதரின் குணத்திலன்றி வேலைத்தலத்திலேயே தேடவேண்டும்.

இதன் விலையைச் செலுத்துபவர் நோயாளரே. 1984இல் நியூயோர்க்கில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட சில மணித்தியாலங்களில் இறந்தாள். வைத்தியர் எவர்மீதும் கொலைக்குற்றஞ் சாட்டாத யூரர் குழு, பயிற்சி வைத்தியரை மேற்பார்வையின்றி நெடுநேரம் வேலைவாங்கும் முறையையே கண்டித்தது. 1989இல் அம்மாநிலம் அவர்களது வேலைநேரத்தை வாரத்துக்கு 80 மணித்தியாலங்களாக வரையறுத்தது. 2004இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில், நீண்ட கடமைநேர முறையில் பணிபுரிந்த பயிற்சி வைத்தியர், நேரம் குறைக்கப்பட்ட காலத்தைவிட ஏறத்தாழ 36 வீதம் கூடுதலான பாரிய தவறுகளைச் செய்தமை புலனாயிற்று. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவரைச் சட்டம் தண்டிக்கின்றது. இரவுபகலாய் விழித்தவர் மருந்தின் அளவைக் கணிக்கும்போதோ தியாகமென்று போற்றப்படுகின்றது!

‘வறிய நாட்டில் ஆட்பற்றாக்குறை தவிர்க்கமுடியாதது, இருப்போர் பொறுத்தே ஆகவேண்டும்’ என்று வாதிடுவோர் உளர். பொறுமை பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை; பெருக்குகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்பின் இலங்கையிலிருந்து வைத்தியரும் தாதியரும் பெருமளவில் வெளியேறினர். அவர்களது சுமை எஞ்சியோரின் தோள்களில் ஏறியது. அச்சுமையே அவர்களையும் கடவுச்சீட்டைத் தேட வைக்காதா? பென்சில்வேனிய வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் உயர்ந்திருந்தது. தாதியரின் மனச்சோர்வும் உடன் உயர்ந்தது.

நேரத்தைக் குறைத்தல் மட்டும் போதாது. ஆளணி நிரப்பப்படல் வேண்டும். கடமை மாறும்போது நோயாளர் பற்றிய தகவல் ஒழுங்காகக் கையளிக்கப்படல் வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு ஆளணிக்குப் பதிலீடாகாது என்பதும் உணரப்படல் வேண்டும்.

தவறு நேர்ந்ததும் ‘செய்தவர் யார்?’ என்று விசாரணைகள் வினவுகின்றன. ‘அவர் எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தார்? எத்தனை நோயாளரைத் தனியே பார்த்தார்? அவ்வாறு பணித்தவர் யார்?’ என்ற வினாக்களும் எழும்வரை, தண்டனைகள் தொடரும், தவறுகளும் தொடரும். சுகாதார ஊழியருக்குத் தேவை பூமாலையன்று. உறங்க ஓரிரவும், பக்கத்தில் இன்னொரு கையுமே.