கடைமடை மொழி

67 வயதில் சீன மொழி படிக்கிறேன் என்று சொன்னால் கும்பகோணத்தில் இரண்டு கேள்விகள் வரும். "இந்த வயசுல மண்டையில ஏறுமா சார்?" என்பது ஒன்று. "அதனால என்ன பிரயோஜனம்?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. "புதுசா ஒண்ணு படிக்கிறீங்களே, வீட்டு மொழி என்ன கதியில இருக்கு?" இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

என் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கும்பகோணம், அய்யம்பேட்டை, திருபுவனம், தஞ்சாவூர் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டுநூல்காரர் என்று ஊரார் சொல்வார்கள். குஜராத் பக்கத்திலிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாக வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையிலும் தஞ்சையிலும் நிலைத்தவர்கள் என்பது எங்கள் வழிவழிச் செய்தி. தியாகராஜ சுவாமிகளின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எங்களவர். வாலாஜாபேட்டைக்குப் போகுமுன் அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர். வெளியில் தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் என்று தலைமுறை தலைமுறையாக ஓட்டியிருக்கிறோம்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சீனம் ஏறுகிறது, மெதுவாக ஏறுகிறது. 'மா' என்ற ஒரே ஒலியைக் குரலை நான்கு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்கு பொருள். முதல் ஆறு மாதம் நான் யாரைக் கூப்பிட்டேன், யாரைத் திட்டினேன் என்பது இணையவழி வகுப்பு எடுக்கும் அந்த அம்மாளுக்கே வெளிச்சம். பாட்டுக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது கொஞ்சம் கை கொடுத்தது.

ஆனால் அதைவிடப் பெரிய உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சீனத்தில் 'பா' என்பதை மூச்சில்லாமல் சொன்னால் அப்பா. அதே தொனியில், மூச்சுக் காற்றைக் கலந்து சொன்னால் பயம். தமிழ் மட்டும் பேசி வளர்ந்த நாக்குக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் தமிழில் அந்த வேறுபாடு கிடையாது. எனக்கு அது தொல்லையாகவே இல்லை. சௌராஷ்டிரத்தில் வீட்டுக்குக் 'கேர்' என்போம். அந்தக் 'கே'யில் ஒரு மூச்சு கலந்திருக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் அது தெரியாது. எங்கள் பாட்டி வாயில் கேட்டால் தெரியும். நெசவுக்காரர் வீட்டுத் திண்ணையில் படிந்த பழக்கம், பீஜிங் மொழிக்கு உதவுகிறது! சின்ன மொழி பெரிய மொழிக்குத் தடை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டால், மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. போனால் மாதக்கணக்கில் தங்குகிறேன், அக்கம்பக்கத்தில் பேச வேண்டியிருக்கிறது. அதோடு ஒரு பழைய ஆர்வமும் உண்டு. நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன ஒரு பழைய கோபுரம் 1867 வரைக்கும் நின்றிருந்தது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் கட்டி வைத்த தமிழ் வணிகர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்தக் கடல் வழியின் இன்னொரு முனையில் பேசிய மொழி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

அந்தச் சுவான்சௌ கல்லைப் பற்றி நினைக்கும்போதுதான் மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது. கல்லில் தமிழ் இருக்கிறது. அங்கே குடியேறிய வணிகர்களின் வழிவந்து இன்று தமிழ் பேசும் ஒரு வீடு அந்த ஊரில் இல்லை. இவ்வளவு தூரம் போவானேன்? நம் பெரிய கோயிலுக்கே வாருங்கள். இரண்டாம் சரபோஜி 1803-இல் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்தார். 1676 முதல் 1855 வரை தஞ்சையில் அரண்மனை மொழி அது. சரஸ்வதி மகாலில் மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தஞ்சாவூர் மராத்தி இன்றும் பேசப்படுகிறது என்றால் அது கல்லாலும் காகிதத்தாலும் அல்ல. சில வீடுகளில் அம்மாக்கள் சாப்பிடக் கூப்பிடும்போது அந்த மொழியில் கூப்பிடுகிறார்கள், அதனால்.

டெல்டாக்காரர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் உடனே புரியும். காவிரி பெரிய ஆறு. நாம் பார்த்துக்கொண்டாலும் பார்க்காவிட்டாலும் அதற்கென்று அணை உண்டு, கல்லணை உண்டு, பொதுப்பணித் துறை உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை என்றால் செய்தித்தாளில் தலைப்பு வரும். ஆனால் கடைமடையில் நம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால்? அதைத் தூர் வாரினால்தான் தண்ணீர் வரும். இரண்டு வருஷம் விட்டால் கோரையும் ஆகாயத்தாமரையும் மூடிக்கொள்ளும். மூன்றாம் வருஷம் அங்கே வாய்க்கால் இருந்ததே பையன்களுக்குத் தெரியாது. அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று வைத்தார்கள். யாருடைய வாய்க்காலோ அவர்களே மண்வெட்டி எடுக்க வேண்டும்.

சீனம் பெரிய ஆறு. நான் நாளைக்கே புத்தகத்தை மூடி வைத்தாலும் அதற்கு ஒரு துளி குறையாது. சௌராஷ்டிரம் கடைமடை வாய்க்கால். என் தெருவில் பத்துப் பேர் பேசுவதை நிறுத்தினால், அந்தத் தெருவில் அது அற்றுப்போகும்.

2001 மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரம் பேசுவோர் சுமார் 1.85 லட்சம், 2011-இல் சுமார் 2.47 லட்சம். எண்ணிக்கை ஏறித்தானே இருக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் "தாய்மொழி என்ன?" என்றால் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். தாத்தா ஒரு கேள்வி கேட்டால் பேரன் எந்த மொழியில் பதில் சொல்கிறான் என்று அந்தப் படிவத்தில் கேட்பதில்லை. என் பேரன் நான் சொல்வதெல்லாம் புரிந்துகொள்வான். பதில் மட்டும் தமிழிலோ ஆங்கிலத்திலோ வரும். தண்ணீர் வருகிறது, வயலில் ஏறவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதைச் சிங்கப்பூரில் கண்ணால் பார்த்தேன். மகளின் அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பாட்டி சீனர். என்னுடைய அரைகுறைச் சீனத்துக்குப் பொறுமையாகக் காது கொடுப்பவர். சீனம் அவருக்கும் பிறவி மொழி இல்லை என்று தெரிந்தபோது ஆச்சரியப்பட்டேன். அவருடைய வீட்டு மொழி தியோச்சியூ. 1979-இல் லீ குவான் இயூ 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கியபோது ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 2020 கணக்கெடுப்பில் அந்த மொழிகளை வீட்டில் அதிகமாகப் பேசுவோர் 8.7 சதவீதம்தான். அந்தப் பாட்டி பேத்தியோடு பேசுவதற்காக நடுவயதுக்கு மேல் மாண்டரின் கற்றுக்கொண்டார். பேத்திக்கோ இப்போது ஆங்கிலம்தான் சரளம். இரண்டு பேரும் பாசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச்சு சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பாட்டியின் சின்ன வயதுக் கதை எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. சீனம் படிக்கிற எனக்கு, அந்தச் சீனமே இன்னொரு வீட்டு மொழியை மூடிய கதையையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

லீ குவான் இயூவைக் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனசில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர், மாண்டரினைப் பெரியவரான பிறகு படித்தவர். 80 வயது தாண்டியும் ஆசிரியர் வைத்துப் பேசிப் பழகினார். வயதானால் மொழி ஏறாது என்பவர்களுக்கு அவரே பதில்.

மூடிய வாய்க்காலைத் திரும்ப வெட்ட முடியுமா? முடியும் என்று ஹவாய்க்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். 1896-இல் அங்கே பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் சிறுவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். 1984-இல் 'பூனானா லேயோ' என்று ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று பொருள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் செய்ததைப் பார்த்துச் செய்தது. அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மொழி தெரிந்த பெரியவர்களைக் கொண்டுவந்து குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க அந்த மொழி மட்டும்தான். அங்கே பெரியவர்களைத் தேட வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு ஒருவர் ஈசிசேரில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் சமூகத்தில் ஒரு நீண்ட வழக்கு உண்டு. எந்த எழுத்தில் எழுதுவது? டி.எம். ராமராய் நூறு வருஷத்துக்கு முன்பே சௌராஷ்டிர எழுத்தில் பாடப் புத்தகங்கள் அச்சிட்டார். தேவநாகரிதான் சரி என்பவர்கள் உண்டு, தமிழ் எழுத்தே போதும் என்பவர்களும் உண்டு. 2008-இல் யூனிகோடிலும் சௌராஷ்டிர எழுத்து ஏறிவிட்டது, கைப்பேசியிலேயே அடிக்கலாம். நல்ல காரியம்தான். ஆனாலும் என் கருத்து இது: பேசுகிற பிள்ளை இருந்தால் எந்த எழுத்திலும் எழுதலாம். பிள்ளை பேசவில்லை என்றால் எழுத்து அருங்காட்சியகத்துக்குத்தான். மோடி ஆவணங்கள் நம் கண்முன்னால் இருக்கின்றன.

இன்னொன்று. நம் பிள்ளைகள் வீட்டு மொழியைத் தப்பாகப் பேசினால் நாம் சிரிக்கிறோம். "பாரு, தமிழைக் கலந்து உளறுறான்" என்று உறவினர் முன்னால் சொல்லிக் காட்டுகிறோம். அவன் வாயை மூடிக்கொள்கிறான். என் சீன ஆசிரியை நான் குதிரையை அம்மா என்றபோது ஒரு நாளும் சிரித்ததில்லை; சரியான ஒலியைத் தானே ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். காசு வாங்கிக்கொண்டு ஒரு அயலார் எனக்குக் காட்டுகிற பொறுமையை, நம் பேரப்பிள்ளைக்கு நாம் சும்மாவே காட்டலாம்.

"வீட்டு மொழி சோறு போடுமா?" என்பார்கள். வேலைக்கு உதவும் மொழியைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். மருந்தாக வேண்டுமானால் உதவும். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. கவனிக்க வேண்டியது, இவர்கள் வயதான பிறகு வகுப்பில் சேர்ந்தவர்கள் அல்ல. தெருவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வாழ்ந்தவர்கள். நம் பாட்டிகளைப் போல.

ஆகவே ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிய மொழி படியுங்கள். சீனமோ, ஜெர்மனோ, இந்தியோ, பேரன் பேத்தி இருக்கும் ஊரின் மொழியைத் தாராளமாகப் படியுங்கள், மூளைக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் அரை மணி நேரம் அதற்குக் கொடுத்தால், அரை மணி நேரம் வீட்டு மொழிக்கும் கொடுங்கள். நான் காலையில் சீனம், சாயங்காலம் பேரனோடு வீடியோ அழைப்பில் சௌராஷ்டிரம் மட்டும் என்று வைத்திருக்கிறேன். அவன் தமிழில் பதில் சொன்னாலும் நான் மாற்றுவதில்லை. போன மாதம் முதன்முறையாகப் 'பானி' குடித்துவிட்டு வருகிறேன் என்றான். ஒரு சொல்தான். மடை திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஈரம் தெரிகிறது.

வாரத்தில் ஒருநாள், தறியில் உட்கார்ந்து பழகிய பெரியவர் ஒருவரோடு பேசிக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். பாவு, ஊடை, நாடா, அச்சு, சாயம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டுச் சொல் என்ன என்று கேட்டு வைக்கிறேன். தறி போனால் அந்தச் சொற்களும் போகும். நோரிஹிகோ உச்சிதா என்ற ஜப்பானிய அறிஞர் எங்கள் மொழியைக் கற்று, 1990-இல் அகராதியே வெளியிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்து அள்ளிய தண்ணீரை, வாய்க்கால் கரையிலேயே இருக்கும் நாம் அள்ளாமல் இருப்பது நன்றாகவா இருக்கிறது?

இது சௌராஷ்டிரக்காரர்களுக்கு மட்டும் சொன்னதில்லை. தஞ்சாவூர் மராத்தி, வீட்டுத் தெலுங்கு, வீட்டுக் கன்னடம் பேசுகிறவர்களுக்கும்தான். தமிழ்தான் வீட்டு மொழி என்றாலும், நடவு இயந்திரம் வந்த பிறகு சேடை, நாற்றுமுடி, அண்டை வெட்டு, தாளடி என்றால் என்ன என்று உங்கள் பேத்தியைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கடைமடைதான்.

அரசாங்கம் எட்டாவது அட்டவணையில் சேர்க்கட்டும், அகாடமி விருது கொடுக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? அதுவரை மண்வெட்டி நம் கையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் பேரனோ பேத்தியோ கூப்பிட்டால், "சாப்பிட்டியா?" என்ற முதல் கேள்வியை உங்கள் வீட்டு மொழியில் கேளுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் அடுத்த கேள்வியையும் அதிலேயே கேளுங்கள்.