பெயர் யாருடையது?

இன்று எமது குடியிருப்புகளில் கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருப்பதைக் காணும்போது எமக்கு இரண்டு எண்ணங்கள் வருகின்றன. பொழுது வீணாகிறதே என்பது ஒன்று. யூரியூப்பில் வீடியோ போட்டுச் சிலர் நன்றாக உழைக்கிறார்களாமே, எமது பிள்ளைக்கும் அது கைகூடாதா என்பது மற்றையது. இரண்டாவது எண்ணத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அந்தப் பாதையில் பெரும் பேர் எடுத்த ஒருவரின் வாழ்க்கையை முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவுக்கு வருவது நல்லது. கமத்தையும் கைவேலையையும் காட்டியே உலகறிந்தவரான லீ சிச்சி என்ற சீனப் பெண்ணின் கதை அது.

இவர் 1990இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் லீ ஜியாஜியா. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் வளர்ந்தார். பாட்டனாரும் காலமானபின் வறுமை நெருக்கவே, 14 வயதளவில் பட்டணத்துக்கு வேலை தேடிப் போனார். உணவகத்தில் பரிமாறுவது முதல் பல வேலைகளைச் செய்தார். 2012இல் பாட்டியார் நோயுற்றபோது ஊர் திரும்பினார். தன்னை வளர்த்த கிழவியைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. மாமியாரைக் கைவிடாது பெத்லகேமுக்கு வந்து கதிர் பொறுக்கிய ரூத்தை இந்த இடத்தில் எமக்கு நினைவு வருகிறது.

ஊரில் பிழைப்புக்காக இணையத்தில் ஒரு சிறு கடை நடத்தினார். 2016 அளவில் தமது கிராம வாழ்க்கையை வீடியோவாக எடுத்து வெளியிடத் தொடங்கினார். ஆரம்பத்தில் கமெராவை நிறுத்தி வைத்துவிட்டுத் தாமே நடித்து, தாமே படம்பிடித்தார். சோயா அவரையை விதைத்து, அறுத்து, அவித்து, புளிக்க வைத்து சோயா சோஸ் எடுப்பது வரை ஒரே வீடியோவில் காட்டுவார். மூங்கில் வெட்டித் தளபாடம் செய்வார். பேச்சு மிகக் குறைவு. வேலைதான் பேசும். 2021இன் தொடக்கத்தில் அவருடைய யூரியூப் பக்கத்தில் 1 கோடியே 41 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். சீன மொழிப் பக்கங்களில் அதுவே மிகப் பெரியது என்று கின்னஸ் பதிவு செய்தது.

இதுவரை கேட்டால் இது வெற்றிக் கதை. ஆனால் 2021 யூலைக்குப் பின் அவரிடமிருந்து புதிய வீடியோ எதுவும் வரவில்லை. பார்த்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை. அதே ஆண்டு இறுதியில் வழக்குச் செய்தி வெளியானது. அவருடைய தொழிலை நடத்திய கொம்பனியோடு சேர்ந்து 2017இல் ஒரு கூட்டு நிறுவனம் பதிவாகியிருந்தது. அதில் கொம்பனிக்கு 51 வீதம், அவருக்கு 49 வீதம். அவர் பெயரைத் தாங்கிய உணவுப் பண்டங்கள் பெருந்தொகையாக விற்பனையாயின. ஆனால் அந்த வியாபாரம் கொம்பனியின் கையில் இருந்தது. கோடிக் கணக்கானோர் அறிந்த முகம் அவருடையது. அந்த முகத்தின் பெயரில் நடந்ததைத் தீர்மானிக்கும் பலமோ அவரிடம் இல்லை.

2022 டிசெம்பரில் இரு தரப்பும் சமாதானமாகின. கூட்டு நிறுவனத்தில் கொம்பனியின் பங்கு 1 வீதமாகக் குறைய, மீதி 99 வீதமும் அவருக்கு வந்தது. 2024 நவம்பரில் அவர் மீண்டும் வந்தார். பாட்டியாருடைய பழைய உடுப்பு அலுமாரியை அரக்கு வேலையால் அழகுபடுத்தும் வீடியோவோடு வந்தார். நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

இந்தக் கதையில் எமக்குப் படுவது இதுதான்: வேலை தெரிந்திருப்பது போதாது, பேர் பெற்றிருப்பதும் போதாது. எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே கடைசியில் நிற்கிறது. இது காணி விடயத்தில் நாம் பட்டுத் தெளிந்த பாடம். தலைமுறையாக உழுத நிலமானாலும், உறுதியோ பெர்மிற்றோ கையில் இல்லாதவர் இடம்பெயர்ந்து திரும்பும்போது எத்தனை கந்தோர் ஏற வேண்டியிருக்கிறது! பெயரும் முகமும் கைவினையும்கூட ஒருவகைக் காணியே. அவற்றுக்கும் எல்லைக்கல் வேண்டும்.

கொம்பனி இல்லாமல் அவர் இவ்வளவு தூரம் வந்திருப்பாரா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கும் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எமது வெங்காயத்தையும் மிளகாயையும் தரகர் இல்லாமல் விற்ற நாட்கள் குறைவு. பங்கு எவ்வளவு, யார் தீர்மானிப்பது, பிரிய நேர்ந்தால் யாருக்கு எது என்பவற்றை முதல் நாளிலேயே பேசி எழுத வேண்டும் என்பதே எமது கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீடியோக்களில் வயல் எப்போதும் விளைகிறது. மழை பொய்த்த போகமும், அடகுக்குப் போன நகையும், விலை விழுந்த அறுவடையும் அங்கே இல்லை. அது அழகான படம். கமக்காரனின் கணக்குப் புத்தகம் அல்ல. படத்தைப் பார்த்து ரசிக்கலாம், அதை நம்பிக் கடன்படக் கூடாது.

எம்மிடமும் கமெராக்கள் வருகின்றன. உதவிப் பொதியைக் கையில் தரும்போதே முகத்தையும் கண்ணீரையும் படம்பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடியோவுக்கும் வருமானம் உண்டு என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். உதவி வேண்டும், படம் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அப்படிச் சொல்பவரை நன்றி கெட்டவர் என்று அயலவர் ஏசக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்வோம்: அப்பு பாய் இழைப்பதையும் ஆச்சி ஒடியல் காயப் போடுவதையும் படம்பிடியுங்கள். அது நல்ல வேலை. மறைந்துபோகும் அறிவைக் காக்கும் வேலை. பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பெயரிலேயே திறவுங்கள். எவராவது பத்திரம் நீட்டினால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே ஒப்பமிடுங்கள். விதைநெல்லைப் பிறர் களஞ்சியத்தில் வைத்துவிட்டு நாம் விதைக்க முடியாது.