எல்லையில் தொலையும் சேமிப்பு: இணைய முதலீட்டு மோசடியும் ஓசூர்த் தொழிலாளர்களும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பொம்மசந்திரா. தளி, கெலமங்கலம், சூளகிரிப் பகுதிக் கிராமங்களிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் எல்லை தாண்டிய ஆலைகளுக்கும் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாநில எல்லை என்பது அன்றாடம் கடக்கும் சாலைதான். வீடு தமிழ்நாட்டிலும் சம்பளக் கணக்கு கர்நாடகத்து வங்கிக் கிளையிலும் இருப்பது இங்கே இயல்பு. ஆனால், இணைய முதலீட்டு மோசடியில் சேமிப்பு பறிபோகும் நாளில் அதே எல்லை சுவராகிவிடுகிறது. எந்த மாநிலக் காவல் நிலையம் புகாரைப் பெறுவது என்ற அலைக்கழிப்பில், பணத்தை மீட்க வாய்ப்புள்ள முதல் சில மணி நேரம் கரைந்துபோகிறது.

இது சிறிய சிக்கல் அன்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் இணையவழி மோசடிகளில் இந்திய மக்கள் இழந்த தொகை ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. முந்தைய ஆண்டின் இழப்பைப்போல் இது மும்மடங்கு.

மோசடியின் வடிவம் இன்று பலருக்கும் தெரிந்ததே. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பகுதிநேர வேலை என்றோ பங்குச்சந்தைப் பயிற்சி என்றோ ஓர் அழைப்பு வரும். முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே கணக்கில் வந்து சேரும். நம்பிக்கை வேரூன்றிய பிறகு, போலிச் செயலியின் திரையில் இலாபம் ஏறிக்கொண்டே இருக்கும். அதை எடுக்க முயன்றால் வரி, கட்டணம் என்று மேலும் பணம் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர்களில் உள்ள வங்கிக் கணக்குகளுக்குப் பணம் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்குகளுக்கு வந்த பணம் அங்கே தங்குவதில்லை. நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து ஓடிவிடும்.

திருப்பூர் தந்த பாடம்

தமிழ்நாட்டுத் தொழில் நகரங்களுக்கு இணைய முதலீட்டு மோசடி புதிதன்று. இணையவழி அந்நியச் செலாவணி வணிகம் என்ற பெயரில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் திருப்பூரில் இயங்கிய பாசி நிறுவனம் ஏறத்தாழ 930 கோடி ரூபாயைத் திரட்டியது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்று, கோவை முதலீட்டாளர் நலப் பாதுகாப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். குற்றவாளிகள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை கடுமையானதுதான். ஆனால், பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்த காலம் ஏறக்குறைய 13 ஆண்டுகள்.

பாசி நிறுவனத்துக்கு அலுவலகம் இருந்தது, இயக்குநர்கள் இருந்தார்கள், முடக்கச் சொத்துகள் இருந்தன. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய நிறுவனங்களை எதிர்கொள்ளவே இயற்றப்பட்டது. இன்றைய செயலிக்கோ முகவரியும் இல்லை, இயக்குநரும் இல்லை. சொத்தை முடக்கிப் பின்னர் பகிர்ந்தளிக்கும் பழைய வழி இங்கே பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. பணம் நகர்வதற்குள் வங்கிக் கணக்கை முடக்குவதே எஞ்சியிருக்கும் வழி.

பேராசை என்னும் பழி

பணத்தை இழந்தவர் முதலில் எதிர்கொள்வது, பேராசையால் கெட்டார் என்ற ஏளனம். இந்தச் சொல் குற்றத்தின் சுமையைக் குற்றவாளியிடமிருந்து பாதிக்கப்பட்டவரின் தலைக்கு மாற்றிவிடுகிறது. பணி நிரந்தரம் இல்லாத, பிணை காட்டச் சொத்தில்லாத, தனியார் கடன் நிறுவனத்துக்கு வாரந்தோறும் தவணை கட்டும் ஒரு குடும்பம் கூடுதல் வருவாய்க்கு வழி தேடுவதைப் பேராசை என்று அழைப்பது அறமாகாது.

மோசடிக்காரன் சாதி கேட்டுப் பணம் பறிப்பதில்லை. ஆயினும் இழப்பின் விளைவைச் சாதி தீர்மானிக்கிறது. நிலமும் வீட்டு மனையும் உள்ள குடும்பத்துக்கு வங்கிச் சேமிப்பு உடைமைகளில் ஒன்று. நிலமற்ற தலித் குடும்பத்துக்குப் பெரும்பாலும் அதுவே முழு உடைமை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த தொகை, அடகு வைத்த நகை, மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான் இருக்கின்றன. இழப்பை ஈடுகட்டக் கைமாற்றுத் தரும் வசதி படைத்த உறவினரும் அரிது. காவல் நிலையத்தில் ஒருவரின் சொல் எத்தனை மதிப்புடன் கேட்கப்படுகிறது என்பதிலும் சாதிக்குப் பங்குண்டு. இருந்தும், சாதியை அறிந்து இழைக்கப்படும் குற்றமாக இது அமையாததால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பொதுவாக இது வராது. எனவே பொதுச் சட்டங்களின் வழியைச் செம்மையாக அறிந்துகொள்வது இயக்கங்களின் கடமையாகிறது.

சட்டத்தில் உள்ள கதவுகள்

முதலாவது, 1930 என்ற உதவி எண். இதில் உடனே தெரிவித்தால், பணம் சென்ற கணக்குகளை வங்கிகள் வழியே முடக்க முயல்வார்கள். ஆனால், இங்கே கிடைக்கும் ஒப்புகை எண் முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதைப் பெற்றதோடு நின்றுவிடுவோர் ஏராளம்.

இரண்டாவது, எல்லைச் சிக்கல். குற்றம் எங்கே நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மின்னணுச் செய்தி வழியே ஏமாற்றினால், அச்செய்தி அனுப்பப்பட்ட இடத்திலோ பெறப்பட்ட இடத்திலோ வழக்கை விசாரிக்கலாம் என்கிறது 202ஆம் பிரிவு. ஓசூரில் ஒருவர் தம் கைப்பேசியில் அந்தச் செய்தியைப் பெற்றிருந்தால், வங்கிக் கிளை கர்நாடகத்தில் உள்ளது என்பது புகாரைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன் பின்னர் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

மூன்றாவது, முடக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வராது. அதே சட்டத்தின் 503ஆம் பிரிவின்கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி இந்தப் படியைக் கைவிட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது.

வங்கிகளின் பொறுப்பு

சட்டம் கைவிரிக்கும் இடமும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்தை, அதில் மூன்றாம் தரப்பினரின் ஊடுருவல் இருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஏமாற்றப்பட்டுத் தம் கையாலேயே பணம் அனுப்பியவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தையும் 85 ஆயிரம் பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அந்தச் சுமையைச் சரிபாதியாக ஏற்கின்றன. மோசடிக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கும் இழப்பில் பங்குண்டு என்பதே இதன் அடிப்படை நியாயம்.

அந்தக் கணக்குகள் யாருடையவை என்பதையும் பார்க்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கை ‘வாடகைக்கு’ விட்டு, பின்னர் வழக்கில் சிக்குவோரில் வேலையற்ற இளைஞர்களும் மாணவர்களும் உண்டு. பணத்தை இழந்தவரும் கணக்கை விற்றவரும் ஒரே தெருவைச் சேர்ந்த பிள்ளைகளாக இருக்கக்கூடும். மோசடியின் சூத்திரதாரியோ எட்ட முடியாத தொலைவில் இருக்கிறான். பாஸ்புக்கையும் சிம் கார்டையும் ஏடிஎம் அட்டையையும் பிறரிடம் ஒப்படைப்பது சிறைக்கு வழி என்பதைக் கல்லூரி விடுதிகளில் சொல்லியாக வேண்டும்.

ஓசூரிலேயே, இரு மாநிலக் காவல் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்படும் புகார் மையம் ஒன்று வேண்டும். இணையக் குற்றக் காவல் நிலையத்தைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரிக்குச் செல்வது ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி இழப்பு. பணத்தைப் பெற்ற வங்கியின் பொறுப்பை வரையறுக்கும் விதியும் வேண்டும். 1947இல் அரசியல் நிர்ணய அவைக்கு அளித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர், காப்பீடு அரசின் உடைமையாக வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஊதியத்துக்கேற்ற ஆயுள் காப்பீடு கட்டாயமாக வேண்டும் என்று கோரினார். உழைப்பவரின் நாளைய வாழ்வுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியே, உழைத்துச் சேர்த்த பணத்துக்கு வங்கியும் காவல் துறையும் பொறுப்பேற்க வேண்டும் என்ற இன்றைய கோரிக்கை.